விதியைச் சொல்லத் தெரிந்த சிறுவன் டிராக்டரில் ஏறியது ஏன்? பண்ணைப் பாதுகாப்பு கற்பித்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேளாண் குடும்பங்கள் வாழும் ஒரு சிற்றூரின் முன்பருவப் பள்ளியில் நடந்தது இது. குடும்பங்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். பள்ளியில் 4 முதல் 6 வயது வரை 17 குழந்தைகள். 12 வீடுகளிலிருந்து வருகிறார்கள். அந்த 12 வீடுகளும் நிலத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இந்தக் கடைசி விவரம்தான் முக்கியமானது. ஆலையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை ஆலைக்குள் வளர்வதில்லை. பண்ணைக் குழந்தைக்கு வீடும் வேலையிடமும் ஒன்றேதான். கண் விழித்து வாசலுக்கு வந்தால் டிராக்டர், பத்து அடி நடந்தால் மோட்டார் கொட்டகை, அதைத் தாண்டினால் கிணறு. வேளாண்மையில் பாதுகாப்பு குறித்துச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001-ல் கொண்டுவந்த 184-வது உடன்படிக்கை, ஆபத்தான பண்ணை வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. ஆனால் வேலை செய்யாமல் வேலை நடக்கும் இடத்தில் சும்மா நிற்கிற ஐந்து வயதுக் குழந்தையை அந்த வயது வரம்பு தொடுவதில்லை. பிரிட்டனில் 1998 முதல் 13 வயது நிரம்பாத குழந்தையைப் பண்ணை வேலையிலிருக்கும் டிராக்டரில் ஏற்றிச் செல்வதே சட்டப்படி குற்றம். பல இடங்களில் இது குடும்ப விஷயமாகவே விடப்பட்டிருக்கிறது.

பள்ளி ஆசிரியை என்னை அழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு பிள்ளைகள் காலி பூச்சிமருந்து டப்பாவில் தண்ணீர் பிடித்து, ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். "இதுங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுக்கணும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குறை குழந்தையின் அறிவில் இருக்கிறது, அதை நிரப்பிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு தொடங்கினோம்.

முதல் ஆறு வாரங்கள்

வாரத்துக்கு ஒரு வகுப்பு, அரை மணி நேரம். பெரிய வண்ணப் படங்கள், கைதட்டிப் பாடும் ஒரு பாட்டு, பத்து விதிகள். டிராக்டரில் ஏறக் கூடாது. கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. மருந்து டப்பாவைத் தொடக் கூடாது. ஓடுகிற மோட்டார் பெல்ட் அருகே போகக் கூடாது. மாடு கன்று போட்டிருக்கும்போது கிட்டே போகக் கூடாது. பத்தும் 'கூடாது' என்றே முடிந்தன.

ஆறாவது வார முடிவில் 17 பேரும் பத்து விதிகளையும் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வைத்தோம், எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் நின்று மற்றவர்களைவிட உரக்கச் சொன்னவன் ஒரு ஐந்து வயதுச் சிறுவன். பதிவேட்டில் "இலக்கு எட்டப்பட்டது" என்று என் கையால் எழுதினேன்.

வயல் வரப்பில் நடந்தது

பன்னிரண்டு நாட்கள் கழிந்தன. அன்று சாயங்காலம் அந்தச் சிறுவனின் தாத்தா உழவை முடித்து, பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) தூக்கிக்கொண்டு டிராக்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பேரன் வரப்போரம் நின்றிருந்தான். "ஏறு கண்ணு" என்றார். அவன் ஏறி, வழக்கமாக உட்காரும் மட்கார்டின் மேல் உட்கார்ந்தான்.

வரப்பைக் கடக்கும்போது முன்சக்கரம் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கலில் அவன் பின்பக்கமாக, டிராக்டருக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் விழுந்தான். தாத்தா கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்துவிட்டார். ரொட்டவேட்டரின் கத்திகள் நின்ற இடத்துக்கும் அவன் தலைக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. காறை எலும்பு முறிந்தது, தலையில் தையல் போட்டார்கள். சில வாரங்களில் நல்லபடியாகத் தேறினான்.

தாத்தா பி.டி.ஓ.வை, அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டை, நிறுத்திவிட்டுத்தான் வயலைவிட்டுப் புறப்பட்டிருந்தார். அது அவருடைய பழக்கம். ஓட்டத்தில் இருக்கும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும்; விநாடிக்கு 9 சுற்று. சட்டை நுனி மாட்டினாலும் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. அந்த ஒரு பழக்கம் இல்லாதிருந்தால் இந்த ஆய்வை நான் வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

குழந்தைகள் சொன்னவை

சிறுவன் பள்ளிக்குத் திரும்பியதும் உடனே அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அவன் வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஆசிரியைதான் பேச்சுக் கொடுத்தார். 'டிராக்டரில் ஏறக் கூடாது' என்ற விதி ஞாபகம் இருக்கிறதா என்றார். உடனே பாட்டோடு சொன்னான். பிறகு ஏன் ஏறினாய் என்றதற்கு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தான்.

"அது படத்துல இருக்கற டிராக்டர் டீச்சர். சிவப்பு. இது எங்க தாத்தா டிராக்டர்."

அந்தப் பதிலை நான் பலமுறை திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவன் சமாளிக்கவில்லை. ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துச் செல்வது அந்த வயதில் தானாக நடப்பதில்லை. வகுப்பறை விதி வகுப்பறைக்குரியது. வரப்பில் தாத்தா சொன்னால் அதுதான் விதி.

இதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், அந்தந்த இடத்தில் நின்றபடியே பிள்ளைகளிடம் கேட்டோம். வகுப்பில் கேட்டபோது ஒருமுறைகூட வராத பதில்கள் வந்தன. ஒரு சிறுமி மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த பூச்சிமருந்து டப்பாவைக் காட்டி, "இது மருந்து. காய்ச்சல் வந்தா குடிக்கணும்" என்றாள். நாங்கள் ஆறு வாரமும் 'மருந்து' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியிருந்தோம். வீட்டிலும் 'மருந்து அடிக்கப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள். சளிக்கு அம்மா கொடுப்பதும் மருந்து, பயிருக்கு அப்பா அடிப்பதும் மருந்து. குழந்தைக்கு இந்த இரண்டும் ஒரே சொல் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

கிணற்றைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் அதற்குள் பூதம் இருப்பதாகச் சொன்னார்கள். பயமுறுத்தி வைத்தால் போகமாட்டார்கள் என்ற எண்ணத்தில் வீட்டில் சொன்னது. ஒருவன் மட்டும் குரலைத் தாழ்த்தி, பூதம் பகலில் தூங்குகிறதா என்று தான் இரண்டு தடவை எட்டிப் பார்த்ததாகச் சொன்னான்.

வீடுகளில் கண்டவை

ஓட்டுநர்கள் சிலரை இருக்கையில் உட்கார வைத்து, டிராக்டருக்குப் பின்னால் ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்துக்கு ஒரு வைக்கோல் கட்டை நிறுத்தினோம். எஞ்சின் அணைந்திருந்தது, சாவி என் கையில். திரும்பிப் பார்த்தும் கருவிக்குப் பின்னால் இருந்த கட்டு தெரியவில்லை. இருபது வருடம் ஓட்டியவர் இறங்கி வந்து அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். நாங்கள் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

12 வீடுகளில் 10 வீடுகளில் பிள்ளைகளை டிராக்டரில் ஏற்றும் பழக்கம் இருந்தது. 8 வீடுகளில் பூச்சிக்கொல்லி குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அவற்றில் 3 வீடுகளில் மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். குளிர்பான பாட்டில் என்றால் அதற்குள் இருப்பது குடிப்பதற்குத்தான் என்று குழந்தைக்குத் தெரியும். அந்த அறிவு சரியானது. பாட்டில்தான் தவறு.

நாங்கள் நடத்திய ஒரு சோதனை

பெற்றோர் ஒப்புதலோடு ஒரு சோதனையும் செய்தோம். எஞ்சின் அணைந்த, சாவி எடுத்த டிராக்டரில் சித்தப்பாவோ மாமாவோ உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்து "வா, ஒரு ரவுண்டு போலாம்" என்று கூப்பிடுவார். 14 குழந்தைகளை இப்படிக் கூப்பிட்டோம்; 9 பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் வரும்போதே எங்கள் விதிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள்.

விதியைச் சொல்லத் தெரிவதும் அதன்படி நடப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யவில்லை. நம்பும் ஆள் கூப்பிட்டு, வந்த பிறகு அது தவறு என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பெரியவர்களுக்குப் பாடம் கிடைப்பதற்காக ஒரு குழந்தையை அந்த இடத்தில் நிறுத்தியது சரியில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

தாத்தாவின் கேள்வி

விபத்துக்குப் பிறகு அந்தத் தாத்தா பள்ளிப் பக்கம் வரவில்லை, நாங்கள்தான் போனோம். பேரனிடம் என்ன கேட்டோம், அவன் என்ன சொன்னான் என்பதை ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். தாத்தா பாதியிலேயே அவரை நிறுத்தினார்.

"ஏறச் சொன்னது நானு. அவனை எதுக்குக் கேக்கறீங்க டீச்சர்?"

ஆறு வாரமாக நாங்கள் செய்த வேலையின் அடிப்படைக் கோளாறை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது. தாத்தாவின் பேச்சை மீறும் பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்திருந்தோம். பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று மற்ற நேரமெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் நாங்களே.

அதே நாளில் இன்னொரு வீட்டில் ஒரு தாய் கேட்டது அதைவிடக் கடினமாக இருந்தது. "வீட்ல விட்டுட்டுப் போனா கிணறு. கூடக் கூட்டிட்டுப் போனா டிராக்டர். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." என்னிடம் பதில் இல்லை. டிராக்டரில் ஏற்றுவது அலட்சியம் என்று எழுதி வைத்திருந்தேன். பல வீடுகளில் அதுதான் குழந்தையைக் கண்ணில் வைத்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் ஆபத்தை அங்கிருந்து அகற்றுவது, முடியாவிட்டால் தடுப்பு, பிறகு பெரியவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை, கற்பித்தல் கடைசியில். தொழிற்சாலைப் பாதுகாப்பில் எந்தக் காலத்திலிருந்தோ உள்ள வரிசைதான். குழந்தை விஷயத்தில் மட்டும் நாங்கள் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தோம். நீரில் மூழ்குவதைத் தடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட செயல்முறைக் கையேடும் இந்த வயதுப் பிரிவைத் தெளிவாக வைக்கிறது: நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதற்கும் சிறியவர்களுக்குத் தண்ணீரைவிட்டு விலகிய, ஒரு பெரியவர் பொறுப்பில் இருக்கும் இடம்.

அதனால் பெரிய முடிவு அந்தத் தாயின் கேள்விக்கானதாக இருந்தது. உழவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் பள்ளியைச் சாயங்காலம் வரை திறந்து வைப்பது, முறை வைத்து இரண்டு பெரியவர்கள் உடன் இருப்பது, பள்ளியில் சேராத இரண்டு மூன்று வயதுத் தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொள்வது. வங்கதேசக் கிராமங்களில் தாய்மார்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்துக்கென நடத்தப்படும் குழந்தைப் பராமரிப்பு மையங்கள் நீரில் மூழ்கி இறப்பதைப் பெருமளவு குறைத்திருப்பது எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

டிராக்டர் விதி குழந்தையிடமிருந்து ஓட்டுநருக்கு மாறியது: ஒரு சீட், ஒரு ஆள். அதோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி வரும் வழியைவிட்டு விலகிய ஓரிடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டோம். எஞ்சின் ஓடப் போகிறது என்றால் பிள்ளை அந்த வட்டத்தில், ஒரு பெரியவரோடு நிற்க வேண்டும். பிள்ளை எங்கே என்று கண்ணால் பார்க்காமல் ஓட்டுநர் சாவியைத் திருப்பக் கூடாது. வட்டத்தைக் காப்பது பெரியவர் வேலை. பிள்ளை மறந்து வெளியே வந்தால் வண்டி நகராது. பிள்ளையைத் திட்டுவதும் கிடையாது.

'மருந்து' என்ற சொல்லை விட்டோம். இனி அது 'விஷம்'. வீட்டில் பேசும்போதும் அப்படியே. பெரியவர்களுக்கு முதலில் வாய் வரவில்லை. 'விஷம் அடிக்கப் போறேன்' என்று ஒருவர் சொல்லிப் பார்த்துவிட்டு, அதைச் சொன்னதும் கையுறை போட வேண்டும்போல் தோன்றுகிறது என்றார். குளிர்பான பாட்டில்கள் அன்றே போயின. பூட்டிய பெட்டிக்கு அதிக நாட்கள் பிடித்தன.

கற்பித்தலை முற்றாக விடவில்லை, சுருக்கினோம். பத்து 'கூடாது'க்குப் பதில் மூன்று 'செய்': எஞ்சின் சத்தம் கேட்டால் வட்டத்துக்குப் போ, யாராவது தண்ணீரில் விழுந்தால் உள்ளே போகாமல் கத்திக் கூப்பிடு, தெரியாத டப்பாவைக் கண்டால் தொடாமல் வந்து சொல். செய்யக் கூடாததைக் கேட்ட குழந்தைக்குப் பிறகு எங்கே போவதென்று தெரிவதில்லை. போக ஓர் இடத்தைச் சொன்னால் கால் அங்கே போகிறது. மூன்றையும் அவரவர் வாசலில், அவரவர் டிராக்டர் சத்தத்தோடு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். கத்திக் கூப்பிடும் பயிற்சிதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது.

பி.டி.ஓ.வில் ஒரு பழைய சட்டை சுருட்டிக்கொண்டு போவதைக் காட்டும் செய்முறையைப் பெரியவர்களுக்கு மட்டும் வைத்தோம். பிள்ளைகளுக்கு அது இரவில் கனவாக வரும், இல்லையென்றால் வேடிக்கையாகத் தெரியும். இரண்டுமே வேண்டாம்.

தொடர்ந்து நடந்தவை

அடுத்த ஒரு வருடத்தைக் கவனித்தோம். பிள்ளைகளை டிராக்டரில் ஏற்றும் வீடுகள் 10-லிருந்து 3 ஆயின. அந்தத் தாத்தா, பேரன் உட்கார்ந்திருந்த மட்கார்டின் மேல் போட்டிருந்த மெத்தைத் துண்டை அறுத்து எடுத்துவிட்டார். வேறு யார் சொன்னதையும்விட அந்த ஒரு காரியம் பக்கத்து வீடுகளில் பேசப்பட்டது. பூட்டிய விஷப் பெட்டி 9 வீடுகளில் வந்தது. இரண்டு வீடுகளில் சாவி அந்தப் பெட்டிக்கு மேலேயே ஆணியில் தொங்கியது. கிணற்றுச் சுவரை உயர்த்துவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர்தான் செய்தார்கள். செலவு அதிகம், அதை மறைக்க முடியாது.

பள்ளியின் நீட்டித்த நேரம் முதல் உழவு சீசனில் நன்றாக நடந்தது. இரண்டாவதில் முறைக்கு வர வேண்டியவர்கள் குறைந்து, இரண்டு வாரம் நின்றுபோனது.

அந்த இரண்டு வாரத்தில்தான் அடுத்த சம்பவம். ஒரு வீட்டில் மூன்று வயதுக் குழந்தை மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. சத்தமே இல்லை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, சிறு குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயது அக்கா தொட்டிக்குள் இறங்கவில்லை. பயிற்சியில் செய்ததைப் போலவே தொண்டை கிழியக் கத்தினாள். கொட்டகையிலிருந்து அம்மா ஓடி வந்து தூக்கினார். குழந்தை இருமிக் கக்கிவிட்டு அழுதது. மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஊரே அந்தச் சிறுமியைப் பாராட்டியது. பயிற்சி பலித்தது என்று எங்களையும் பாராட்டினார்கள். எனக்கு அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தத் தொட்டியை நாங்கள் வீட்டுப் பட்டியலில் எழுதவே இல்லை. கிணற்றைப் பார்த்தோம், முழங்கால் உயரத் தொட்டியைத் தாண்டி நடந்தோம். பெரியவர்கள் வைக்க வேண்டிய தடுப்பு எதுவும் அங்கே இல்லாததால் கடைசித் தடுப்பாக ஒரு ஐந்து வயதுப் பிள்ளை நின்றாள். அவள் அன்று வேறு பக்கம் திரும்பியிருந்தால் அது அவள் குற்றமாகாது. ஆனால் வாழ்நாள் முழுக்க அது தன் குற்றம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அன்றே அவளிடம் உட்கார்ந்து, தம்பியைப் பார்த்துக்கொள்வது உன் வேலை இல்லை, கத்தியது மட்டும் போதும் என்று ஆசிரியை சொன்னார். மறுநாள் தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டார்கள்.

மறுபடி செய்தால்

முதல் நாள் வகுப்பறையில் தொடங்க மாட்டேன். 12 வீடுகளையும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து நடந்து பார்த்துவிட்டு, பெரியவர்களோடு பேசிவிட்டு, அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடம் வருவேன். பள்ளிக்கு வராத சின்னவர்களை முதலிலேயே கணக்கில் எடுப்பேன். பிள்ளைகள் ஒப்புவிப்பதைப் பதிவேட்டில் வெற்றியாக எழுத மாட்டேன். எத்தனை மூடி போடப்பட்டது, எத்தனை சாவி பெரியவர் இடுப்புக்குப் போனது என்று எழுதுவேன். பராமரிப்பு முறையைத் தன்னார்வத்தின் மேல் மட்டும் விட்டதும் தவறு. சீசன் உச்சத்தில் யாரிடமும் உபரி நேரம் இருக்காது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். அந்த வாரங்களுக்கு ஊதியத்துக்கு ஒருவரை அமர்த்தப் பெற்றோர் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று இன்னும் செய்யப்படவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து வாடகை இயந்திரங்களோடு ஓட்டுநர்கள் வருகிறார்கள். வாசலில் இருக்கும் சுண்ணாம்பு வட்டம் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் போன முறை அதன் மேலேயே வண்டியை நிறுத்தினார். அடுத்த அறுவடைக்கு முன், வண்டி ஊருக்குள் நுழையும் இடத்திலேயே அவர்களிடம் பேசும் வேலையை அந்தத் தாத்தா ஏற்றிருக்கிறார்.